மூன்றெழுத்து

பங்கு பிரிக்குமுன் ஒரு குறிப்பு வேண்டுமாம்,
கடை வளர்ந்த விதம் பற்றி.
"ரெண்டு பக்கம் போதும் நாச்சியப்பா,
பஞ்சாயத்தார் பொறுமை அவ்வளவுதான்"
என்றார் மேலாள்.

தலையில் உ போட்டுத் தொடங்கினேன்.

பியாப்பொன் ஆற்றங்கரை.
ரங்கோனில் வாங்கிய இரும்புப் பெட்டி
சம்பானிலிருந்து இறக்கும்போது சேற்றில் சரிந்தது.
நாலு எருமை இழுத்தும் ஒரு பகல் அசையவில்லை.
மூத்தவர் வயிரவன் செட்டியார்
குடையை விரித்துக்கொண்டு
பெட்டிமேலேயே உட்கார்ந்து
முதல் கடனைக் கொடுத்தார்:
எருமை ஓட்டி வந்தவனுக்கு,
சொந்தமாய் ஒரு எருமை வாங்க,
அறுபது ரூபாய்.

பிறகு அரிசி ஆலை. கடனுக்கு வந்தது.
மரம் அறுக்கும் மில். அதுவும் அப்படித்தான்.
நடுவர் பெத்தபெருமாள் பெகுவில் கிளை வைத்தார்,
மோல்மேனில் வைத்தார்,
பினாங்குக்குப் போய் ரப்பரில் கை வைத்தது
தனிப் பேரேடு.
இளையவர் உடையப்பன் ஆசைப்பட்டு
இரண்டு லாஞ்ச் வாங்கினார்.
கடையிலேயே ஆசைப்பட்டு வாங்கியவை அவை மட்டும்;
நட்டமும் அவை மட்டும்.

மூவர் பெயரின் முதலெழுத்தே விலாசம்: வ.பெ.உ.
சாக்கில், படகில், ஆலைப் புகைபோக்கியில்.
ஆற்றோரத்துப் பர்மியப் பிள்ளைகளுக்குத்
தெரிந்த தமிழ் மொத்தம் மூன்றெழுத்து;
சாக்கைப் பார்த்தே மணலில் எழுதுவார்கள்,
சுழி மாறாமல்.

மூன்று வருஷக் கணக்குக்கு வந்தவன் நான்.
நாலாவது தவணை ஓடுகிறது.
மகள் பிறந்த சேதி
நெல் விலைக் கடிதத்தின் அடியில் வந்தது:
'நூறு கூடை நூற்றெண்பது.
உன் வீட்டில் பெண், சிட்டாள் எனப் பெயர்.
மூட்டைக்குச் சணல் விலை ஏறியிருக்கிறது.'
(இதைக் குறிப்பில் எழுதவில்லை.)

பிறகு நெல் விழுந்தது.
எழுபதுக்கும் கேட்க ஆளில்லை.
பணம் கேட்டோம், நிலம் வந்தது.
நிலம் வேண்டாம் என்றோம்,
நிலம்தான் வந்தது.
"மண்ணைச் சுருட்டி மடியில் கட்ட முடியுமா" என்று
புலம்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார் மேலாள்.
பன்னிரண்டாயிரம் ஏக்கர்.
ஒரு வரப்பையும் நான் மிதித்ததில்லை.
ஏட்டில் எந்த வயலிலும் சேறு இல்லை.

போன வைகாசியில் கோ தா துன் வந்தான்,
முதல் கடன்காரன் மகன்.
வாசலில் செருப்பை விட்டுவிட்டு
உள்ளே வராமலேயே கேட்டான்:
"நிலம் உங்களுடையது.
எருமை யாருடையது?"

அடியிலிருந்து பழைய ஏட்டை எடுத்தேன்.
அறுபது ரூபாய், வட்டியோடு,
மூன்றாம் அறுப்பிலேயே பைசல்.
இப்போது நிற்பது
அந்த எருமையின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ.
"உன்னுடையதுதான்" என்றேன்.

"நல்லது."
ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.
அடுத்த கிராமமும் போயிற்று, அதற்கடுத்ததும்.
பன்னிரண்டாயிரம் ஏக்கரும்
பட்டாவோடு பத்திரமாய் இருக்கிறது,
கோரை முளைத்து.

ஆலை மூத்த வீட்டுக்கு என்று ஆகிவிட்டது.
பினாங்கு நடு வீட்டுக்கு.
லாஞ்சு இரண்டும் வேண்டாம் என்று
எல்லோரும் சொல்லிவிட்டதால்
இளைய வீட்டுக்கு.
தண்டாயுதபாணி பேரிலுள்ள வரவில்
யாரும் கை வைக்கவில்லை;
இந்தக் கடையில் இன்று
கடனில்லாத பங்காளி அவர் ஒருவர்தான்.

விலாசம் யாருக்கு என்பதில் மூன்று நாள் போயிற்று.
மூன்று வீட்டுக்கும் வேண்டும்.
"ஆளுக்கு ஒரு எழுத்து" என்றார் ஒரு பஞ்சாயத்தார்.
"அப்போ புள்ளிகள் யாருக்கு?"
என்று பெட்டியடிப் பையன் முணுமுணுத்தான்.
சிரித்தது நான் மட்டும்.

இன்று காலை குறிப்பைக் கொடுத்தேன்.
மூத்த வீட்டார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
முதல் வரிக்கே போகவில்லை.
"தலையில் உ போட்டிருக்கிறாயே,
இது பிள்ளையாருக்கா,
இல்லை, இளைய வீட்டுக்கா?"